கழுத்து வீக்கமும் ஊடுருவிக் காணும் ஒளியும்

மக்கள் உடம்பில் நோய் குடிபுகும் இடங்கள் பலவாயினும், கழுத்தைப்போல் ஊரார் கண்ணுக்கு உடனே புலப்படும் இடம் வேறொன்றில்லை. வயிற்றில் வளரும் கட்டியை ஆடை மறைக்கும். நெஞ்சில் உள்ள நோயைச் சில காலம் பொறுமை மறைக்கும். கழுத்தில் ஒரு புளியங்கொட்டை அளவு வீங்கினாலோ, அடுத்த வீட்டார் கேட்பர், கடைத்தெருவில் கேட்பர், பெண் பார்க்க வருவோர் வாயால் கேளாது கண்ணால் கேட்பர். அதனாலன்றோ நம் பெண்மக்கள் பலர் கழுத்து வீக்கத்தைச் சேலைத் தலைப்பால் மூடி ஆண்டுக்கணக்காய் வாளாவிருந்துவிடுகின்றனர்?

இவ்வீக்கங்களுள் ஒருவகை உண்டு. வரும், பத்து நாளிற் போகும், மூன்று திங்கள் கழித்து மீண்டும் வரும். காரணம் விளங்காது. போய்விட்டபோது, நோயே போய்விட்டதென மகிழ்வோம். மீண்டும் வந்தபோது, சென்றமுறை எது தீர்த்ததென நம்பினோமோ அதனையே மீண்டும் நாடுவோம். இங்ஙனம் வந்து வந்து போகும் வீக்கத்தின் உள்ளே இருப்பது யாது என்பதை மனிதன் எவ்வாறு காணக் கற்றான் என்பதே இக்கட்டுரையின் பொருள். அவ்வரலாற்றின் சில ஏடுகள் நம் பேராக் மாநிலத்திலும், லகாட் மக்களின் வாசற்படியிலுமே எழுதப்பெற்றவை. ஆதலின் நாம் அதனை அறிந்துகொள்வது முறையாகும்.

முன்னோர் இந்நோயை அறியாதவரல்லர். சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வடமொழி மருத்துவ நூல், கழுத்தின் முன்புறம் தொங்கும் வீக்கத்தைத் தனியாகவும், கழுத்தைச் சுற்றி வரிசையாய்த் திரளும் கழலைகளைத் தனியாகவும் பிரித்துக் கூறுகின்றது. ஒன்றாய் நிற்பது ஒரு நோய், பலவாய் நிற்பது வேறொரு நோய் என்று சரகர் நூலும் வகுக்கின்றது. தமிழர் பின்னதற்குக் கண்டமாலை என்று பெயரிட்டனர். கழுத்துக்கு மாலை இட்டாற்போல் கட்டிகள் தோன்றுதலின் அப்பெயர் பொருத்தமானதே. இவையெல்லாம் கூர்மையான கண்ணுடையோர் கண்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கண்ணும் கைவிரலும் தோலோடு நின்றுவிட்டன. தோலுக்கு அப்பால் இருந்ததை ஊகமே நிரப்பிற்று.

ஊகம் ஆளும் இடத்தில் மந்திரத்துக்கு இடம் உண்டாகும். இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய குறையன்று. இங்கிலாந்திலும் பிரான்சிலும் கண்டமாலையை அரசன் தொட்டால் தீரும் என்று பல நூற்றாண்டுகள் நம்பினர். இரண்டாம் சார்லஸ் மன்னன் தன் ஆட்சிக் காலத்தில் ஏறக்குறைய 90,000 பேரைத் தொட்டான் என்பர். 1712-ம் ஆண்டில், பின்னாளில் ஆங்கில அகராதி இயற்றிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனை, அவர் சிறு குழந்தையாயிருந்தபோது, ஆன் அரசியாரிடம் கொண்டுபோய்த் தொடுவித்தனர். அரசியார் அளித்த பொற்காசை ஜான்சன் வாழ்நாள் முழுதும் கழுத்தில் அணிந்திருந்தார். அவர் கழுத்துத் தழும்பும் வாழ்நாள் முழுதும் அவருடனேயே இருந்தது.

பொற்காசு என்றவுடன் நம் வீட்டு வழக்கம் நினைவிற்கு வருகின்றதல்லவா? குழந்தையின் தாடைக்குக் கீழே வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்கிறோம். பொற்சங்கிலியைக் கழுத்தில் இடுகிறோம். சில நாளில் வீக்கம் வடிகிறது. பொன் தீர்த்தது என்கிறோம். இலண்டன் அரண்மனையும் தோட்டத்து லயமும் ஒரே நம்பிக்கையைத்தான் ஒரே உலோகத்தால் செய்து அணிந்தன. உண்மை யாது? அவ்வீக்கம் ஒருவகை நச்சுயிரியால் உமிழ்நீர்ச் சுரப்பியில் உண்டாவது. சங்கிலி இட்டாலும் இடாவிட்டாலும் அது பெரும்பாலும் சில நாட்களில் தானே வடிவது. ஒருமுறை வந்தவர்க்குப் பெரும்பாலும் மறுமுறை வாராது. இதிலிருந்து ஓர் எளிய உண்மை பெறப்படும். ஒரு பிள்ளைக்கு மூன்றாம் முறையும் நான்காம் முறையும் வீங்குமாயின், அது பொன்னுக்கு வீங்கியாயிருத்தல் அரிது; அது வேறொன்று.

அரசன் கையும் மந்திரித்த கயிறும் இத்தனை நூற்றாண்டுகள் மதிப்பிழவாது நின்றமைக்குக் காரணமும் இதுவே. வீக்கத்தின் இயல்பே வந்து வடிந்து மீளுதல். பெருகி நிற்கும்போது கயிறு கட்டுகிறோம். பெருகியது தன் இயல்பால் வடிகிறது. வடிந்த புகழ் கயிற்றுக்கும், மீண்ட பழி நம் தலையெழுத்துக்கும் போய்ச் சேர்கின்றன. உள்ளே பார்க்க வழியில்லாதவரையில் இக்கணக்கைத் திருத்த ஒருவராலும் இயலவில்லை.

திருத்தம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிற்று. 1882-ம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் காசநோயின் கிருமியைக் கண்டு அறிவித்தார். கண்டமாலையிற் பெரும்பகுதி நெஞ்சைத் தின்னும் அதே காசநோய் கழுத்துக் கழலைகளில் தங்குவதே என்பது அதனால் உறுதியாயிற்று. அடுத்து 1895-ம் ஆண்டு. அவ்வாண்டில் பாமன் என்னும் ஜெர்மானிய அறிஞர், கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டுச் சுரப்பியில் ஐயோடின் என்னும் பொருள் அடங்கியிருத்தலைக் கண்டார். அதே ஆண்டு நவம்பர் 8-ல், வூர்ஸ்பர்க் நகரத்தில் ரான்ட்கன் என்பார் ஒரு புதிய கதிரைக் கண்டார். அது இன்னதென விளங்காமையால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் எழுத்தையே அதற்குப் பெயராக இட்டு எக்ஸ் கதிர் என்றார். தம் மனைவியின் கையைப் படமெடுத்தபோது எலும்புகளும் மோதிரமும் மட்டும் கறுத்துத் தெரிந்தன. உயிருள்ள உடம்பைக் கத்தியின்றித் திறந்து பார்க்கும் வாயில் அன்று திறந்தது.

அவ்வாயில் நம்மை எட்ட நூறாண்டு ஆயிற்றோ எனின், இல்லை, இரண்டே ஆண்டு. 1897-ம் ஆண்டிலேயே எக்ஸ்ரேக் கருவி பேராக்கின் தைப்பிங் நகரத்துக்கு வந்தது. மலாயாவில் அக்கருவியின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. ஈயத்தின் செல்வம் கொழித்த மாநிலமாதலின் புதுமைகள் இங்கு விரைந்து வந்தன. ஆயினும் கருவி நகரத்தில் இருந்தது. நோயாளி தோட்டத்திலும் ஈய லம்பத்திலும் இருந்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவன் கண்டது டிரஸ்ஸரையும் கொய்னா மருந்தையுமே. ஒருநாள் வேலைக்குப் போகாவிடில் ஒருநாட் சம்பளம் இல்லை. வலியில்லாத கழுத்துக் கட்டிக்காக எவன் ஒருநாட் சம்பளத்தை இழப்பான்? கட்டியைக் காட்டாமைக்கு நாணம் ஒரு காரணம் என்றோம். கூலிக் கணக்கு மற்றொரு காரணம்.

இனி, எக்ஸ்ரே கழுத்தில் எதனைக் காட்டிற்று என்று பார்ப்போம். அக்கதிர் சுண்ணச் சத்துள்ள எலும்பில் தடைபடும். மெல்லிய தசையை எளிதிற் கடந்துவிடும். கழுத்திலுள்ள கழலையும் குருதிக் குழாயும் சுரப்பியும் மெல்லியவை. ஆதலின் பழைய படங்களில் அவை ஒன்றோடொன்று கலந்த நிழலாகவே விழுந்தன. ஆயினும் மூன்று செய்திகள் கிடைத்தன. பழைய காசக் கழலையில் படிந்த சுண்ணம் வெண்புள்ளியாய்த் தெரிந்தது. பெருத்த தைராய்டு மூச்சுக் குழலை ஒருபுறம் தள்ளியிருப்பின் அது தெரிந்தது. உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருப்பின் அதுவும் பலமுறை தெரிந்தது. இக்கடைசிச் செய்தி நம் பொருளுக்கு இன்றியமையாதது. உணவு உண்ணத் தொடங்கியவுடன் தாடைக்கீழ் வீங்கி, ஓரிரு மணி நேரத்தில் வடிந்து, அடுத்த வேளைச் சோற்றில் மீண்டும் வீங்குமாயின், உமிழ்நீர் ஊறி வெளிவர வழியின்றித் தேங்குகிறதென்பது பொருள். கண்ணேறு என்று மிளகாய் சுற்றி எறிந்த வீக்கங்களுள் எத்தனை ஒரு சிறு கல்லால் வந்தனவோ!

தைராய்டு வீக்கத்தின் மருமத்தை ஆய்ந்தோருள் ஒருவர் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர். ராபர்ட் மக்காரிசன் என்னும் அவ்வைத்தியர் இமயமலைப் பக்கத்துக் கில்கித்தில் பணியாற்றியபோது, ஒரே ஓடை நீரை மேலிருந்து கீழாகப் பருகும் சிற்றூர்களில், கீழே செல்லச் செல்லக் கழுத்து வீக்கம் மிகுவதைக் கண்டார். அந்நீரின் வண்டலைத் தாமே உட்கொண்டு சோதித்தார். பின்னர் நீலகிரியின் குன்னூரில் உணவு ஆராய்ச்சி நிலையத்தை நடத்தி 1935-ல் ஓய்வுபெற்றார். தூய்மையற்ற நீரே முதற் காரணம் என அவர் கருதினார். ஐயோடின் குறைவே பெருங்காரணம் என்பது பிற ஆய்வுகளால் நிலைபெற்றது. 1956-ல் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய சோதனை, உப்பில் ஐயோடின் கலந்தால் அவ்வீக்கம் குறையும் என்பதை இந்திய மண்ணிலேயே மெய்ப்பித்தது. 1962-ல் இந்திய அரசாங்கம் அதற்கெனத் திட்டம் வகுத்தது. தலைமுறைகளின் தலையெழுத்தென நம்பப்பட்ட ஒன்று ஒரு சிட்டிகை உப்பில் அடங்கிப்போயிற்று.

ஆயினும் காரணம் தெரிந்தமையால் ஒவ்வொரு கழுத்தின் உள்ளும் தெரிந்ததாகாது. அறியாமல் அறுத்தலின் தீங்கைச் சுவிட்சர்லாந்து நாட்டுத் தியோடர் கோக்கர் உலகுக்குக் காட்டினார். பெருத்த தைராய்டுகளை முழுதும் அறுத்தெடுத்த நோயாளர் சிலர் பின்னர் உடல் வீங்கி அறிவு மங்கியதை 1883-ல் அவரே வெளியிட்டார். சுரப்பி முழுதும் போனால் உடம்பின் ஊக்கமே போகும் என்பது அப்போது விளங்கிற்று. அவர் 1909-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் இப்பாடம் உயிருள்ளது. குழந்தையின் கழுத்து நடுவில், நாக்கை நீட்டும்போது மேலே ஏறும் கட்டி ஒன்று உண்டு. சளி பிடிக்குந்தோறும் பெருக்கும். அதனை எடுப்பதற்கு முன், தைராய்டு தன் இடத்தில் இருக்கின்றதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பர். சிலர்க்கு அக்கட்டியே உடம்பிலுள்ள ஒரே தைராய்டாய் இருத்தல் கூடும். பாராமல் எடுத்தால் கோக்கர் கண்ட துயரமே மீளும்.

மெல்லிய தசையையும் காணும் வழிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒவ்வொன்றாய்த் தோன்றின. 1941-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் சால் ஹெர்ட்ஸ் என்பார் கதிர்வீசும் ஐயோடினைத் தைராய்டு நோய்க்கு மருந்தாகக் கொடுத்தார். 1951-ல் காசன் என்பார், அவ்வகை ஐயோடினை உட்கொண்ட சுரப்பியின் உருவத்தை வெளியிலிருந்து வரி வரியாய்ப் பதியும் கருவி செய்தார். சுரப்பி தன் படத்தைத் தானே எழுதிற்று எனலாம். அடுத்து, கடலுக்கடியிற் கப்பல்களைத் தேட ஆண்ட ஒலியை உடம்பினுள் செலுத்தும் முறை. 1958-ல் கிளாஸ்கோ நகரத்து இயான் டொனால்டும் அவர் தோழரும் அம்முறையால் பெற்ற படங்களை வெளியிட்டனர். காதுக்கு எட்டாத நுண்ணொலி உள்ளே சென்று எதிரொலிக்கும். நீர்க்கட்டியாயின் கறுத்த குளம்போல் தெரியும். தசைக்கட்டியாயின் சாம்பல் நிறமாய்த் தெரியும். 1971-ல் ஹவுன்ஸ்பீல்டு என்பார் எக்ஸ் கதிரைப் பல கோணங்களிற் செலுத்திக் கணிப்பொறியால் உடம்பின் குறுக்குத் தோற்றத்தைக் கட்டும் சி.டி. ஸ்கேனை முதல் நோயாளிக்குச் செய்தார். காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறைக்கு வழிகண்ட லாட்டர்பர், மான்ஸ்பீல்டு இருவர்க்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்துணைக் கருவிகள் இருக்க, நம்மவர் சிலர் ஸ்கேன் என்றவுடன் கதிர் உடம்பைக் கெடுக்கும் என்று அஞ்சுகின்றனரே எனின், அவ்வச்சத்தை நாம் ஏளனம் செய்யோம். லகாட்டில் வாழ்வோர்க்கு அவ்வச்சம் கதையிலிருந்து வந்ததன்று. ஈய மண்ணை அலசிய பின் எஞ்சும் அமாங் மணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அதிலே கதிர்வீசும் தோரியம் உண்டு. அதனைப் பிரிக்க 1982-ல் லகாட்டை அடுத்த புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. கழிவைப் பாப்பானில் புதைக்க முயன்றபோது 1984-ல் மக்கள் எதிர்த்தெழுந்தனர். 1985-ல் புக்கிட் மேரா மக்கள் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். அவர்க்காக வாதாடியோருள் மீனாட்சி ராமன் ஒருவர். அவ்வூர்ப் பிள்ளைகளைப் பரிசோதித்த வைத்தியர் ஜெயபாலன். 1992 ஜூலையில் மக்கள் பக்கம் தீர்ப்பாயிற்று. 1993 டிசம்பரில் மேல் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. ஆயினும் 1994-ல் ஆலை மூடப்பட்டது. சீனரும் தமிழரும் ஒரே அச்சத்தால் ஒன்றுபட்ட வரலாறு அது.

மருத்துவத்திலும் கதிர் தீங்கு செய்ததுண்டு. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி எக்ஸ் கதிரில் ஓயாது உழைத்துக் கைகளை இழந்து 1904-ல் மாண்டார். குழந்தைகளின் கழுத்துச் சதைகளையும் நெஞ்சுச் சுரப்பியையும் சுருக்கவென மிகுதியான கதிரைப் பாய்ச்சிய காலமும் ஒன்றிருந்தது. அவர்களிற் சிலர்க்குத் தைராய்டுப் புற்று வந்தது என்னும் எச்சரிக்கை 1950-ல் அமெரிக்காவில் வெளியாயிற்று. ஆகவே கதிரை அஞ்சுதல் மடமையன்று. அளவறியாது அஞ்சுதலும் அளவறியாது துணிதலுமே மடமை. ஒலியால் எடுக்கும் ஸ்கேனில் அத்தகைய கதிர் சிறிதும் இல்லை. காந்தப் படத்திலும் இல்லை. கழுத்து வீக்கத்துக்குப் பெரும்பாலும் முதலிற் செய்வது ஒலி ஸ்கேனே. கதிருள்ள சி.டி. ஸ்கேனை, அதனால் அறியத்தக்கது இன்னதென வைத்தியர் கூறியபின் செய்துகொள்ளலாம். எதற்காக என்று கேட்கும் உரிமை ஏழைக்கும் உண்டு. புக்கிட் மேரா மக்கள் கேட்டதும் அவ்வொரு கேள்வியே.

படம் ஒன்றே போதுமோ எனின், போதாது. படம் இடத்தையும் உருவையும் கூறும். பெயரை உறுதியாய்க் கூறுதல் பல வேளைகளில் அதனால் ஆகாது. ஆதலின் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைக் கட்டியினுள் செலுத்திச் சிறிது எடுத்துச் சோதிப்பர். காசமாயின் பெரும்பாலும் ஆறு திங்கள் மாத்திரையால் தீரும். வீட்டிலிருந்தே மருந்துண்டு காசம் தீரலாம் என்பதை உலகுக்குக் காட்டியது 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையமே. அதன் முடிவு 1959-ல் வெளியாயிற்று. மலாயாவில் காசநோய்க்கான தேசியத் திட்டம் 1961-ல் ஏற்பட்டது. மருந்துண்ணும் காலத்திலேயே கழலை ஒருமுறை பெருத்துப் பின் வடிதலும் உண்டு. அதனால் மருந்து பொய்த்ததென எண்ணி நிறுத்திவிடல் ஆகாது. மூக்கின் பின்புறத்தில் தோன்றும் ஒருவகைப் புற்றும் கழுத்துக் கட்டியாகவே முதலில் தலைகாட்டும். நம் அண்டைவீட்டாரான சீனரிடை அது மிகுதி, பிறர்க்கு வாராதென்பதில்லை.

இவ்வரலாற்றால் நம் இல்லங்களுக்கு ஆகவேண்டுவன சிலவே. மூன்று கிழமைக்கு மேல் வடியாத கட்டியையும், வடிந்து மீண்டும் வரும் கட்டியையும் காட்டாமல் இருத்தலாகாது. குரல் கம்முதல், விழுங்கல் தடைபடுதல், உடல் மெலிதல், இரவில் வியர்த்தல் இவற்றுள் ஒன்று உடனிருப்பின் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. மூச்சு முட்டினால் அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். வந்து போகும் வீக்கமாயின், எப்பொழுது வந்தது, எத்தனை நாள் நின்றது, உணவோடு வந்ததா சளியோடு வந்ததா என்று ஒரு தாளிற் குறித்துவைப்பது பெரும்பயன் தரும். வீக்கம் வடிந்திருக்கும் நாளில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாமற் போகலாம். அதனால் ஒன்றும் இல்லையென்று முடிவுகட்டலாகாது. வீங்கியிருக்கும் நாளிலேயே பார்க்க இயலுமா என்று வைத்தியரைக் கேட்கலாம். ஈப்போவின் பெரிய ஆஸ்பத்திரியும் பத்து காஜா ஆஸ்பத்திரியும் லகாட்டுக்குத் தொலைவல்ல. ரப்பர்த் தோட்டத்தை விட்டு நகரம் வந்த நம் பிள்ளைகளுக்குப் பஸ்ஸும் காரும் உண்டு; பாட்டன்மார்க்கு இல்லாத வாய்ப்பு அது.

மகளின் கழுத்தை மூடும் தாய்மாரிடம் ஒன்று கூறுவோம். மணம் தடைபடுமே என்று மூடுகிறீர்கள். காசக் கழலை மருந்தால் தீரும், நீர்க்கட்டியை எடுத்துவிடலாம், தைராய்டுப் புற்றிலும் பெரும்பகுதி காலத்திற் கண்டால் குணமாவதே. மூடியதனால் நீங்குவது ஊரார் பார்வை மட்டும். நோய் சேலைக்கு அடியிலும் வளரும்.

மற்றொன்று, எடுத்த படங்களை எறிந்துவிடாதீர். ஐந்தாண்டுக்கு முந்திய படத்தை இன்றைய படத்தோடு அருகில் வைத்துப் பார்க்கும் வைத்தியர், கட்டி வளர்ந்ததா, நின்றதா, சுருங்கிற்றா என்று நொடியிற் கூறுவார். வேறெந்த வழியாலும் அவர்க்கு அது தெரியாது. வீட்டுப் பெட்டியில் தாயத்துக்கும் மந்திரித்த கயிற்றுக்கும் ஓரிடம் வைத்திருக்கிறோம். அவ்விடத்தில் அப்படங்களின் உறையை வைத்து, மேலே நாளும் பெயரும் எழுதிவைப்போமாக.